நாடி எழுபத்தெட்டு

அத்தியாயம் 6

அந்த ஆஸ்பத்திரி நிர்வாகி கைகுலுக்கிய விதத்திலேயே எனக்கு ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது. கையைக் கொடுத்தார், அடுத்த நொடியே மேஜை மேலிருந்த கிருமிநாசினியை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டார். எங்கள் கண் முன்னாலேயே! நான் காலையில்தான் குளித்திருந்தேன்.

"சாதாரண விஷயம்தான் மேடம்," என்றார் அண்ணியிடம். "முடிவு எங்களுக்கே தெரியும். அதை உங்க லெட்டர்பேடுல ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துட்டா போதும்."

"முடிவு தெரிஞ்சா துப்பறிய எதுக்கு சார் ஆளு? டைப் அடிக்கத் தெரிஞ்சவங்க போதுமே," என்றேன் நான்.

"தம்பி," என்றார் அண்ணி.

அண்ணி வெறும் 'தம்பி' என்று மட்டும் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம். என் அண்ணன் கல்யாணமான நாளிலிருந்தே மூடிக்கொண்டுவிட்டார். எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புளுகர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது சைக்கிள் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார் அண்ணி. அங்கே உதவியாளர், கார் டிரைவர், வசவு வாங்குபவர் எல்லாம் நான்தான்.

நிர்வாகி சொன்ன கதை இது. நோயாளி ஒரு பஸ் டிரைவர். இதயம் ஓய்ந்துபோனதால் இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைத்துவிட்டார்கள். இதயம் தள்ள வேண்டிய ரத்தத்தை அது தள்ளும். வயிற்றிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து இடுப்புப் பெட்டிக்குப் போகும். பெட்டிக்கு பேட்டரி. மனிதர் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். இப்போது வந்த தொல்லை இதயத்தில் இல்லை, பித்தப்பையில். கல், அதில் சீழ். எடுத்தே ஆக வேண்டும்.

"பம்ப் வச்ச ஆளுக்கு எங்க ஆஸ்பத்திரியில வேற ஆபரேஷன்! பேப்பர்ல போட ஃபோட்டோகூட எடுத்து வச்சிருந்தோம். எல்லாத்தையும் அந்தப் பேட்டரி சிஸ்டர் கெடுத்துட்டா," என்று நிர்வாகி பெருமூச்சு விட்டார்.

பேட்டரி சிஸ்டர் என்பது பம்பைக் கவனிக்கத் தனிப்பயிற்சி பெற்ற நர்சுக்கு அந்தக் கட்டிடம் வைத்த பெயர். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் பாதியில் பம்ப் அலாரம் அடித்ததாம். சிஸ்டர் ஸ்பேர் பேட்டரிப் பையைத் தூக்கிக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே ஓடிவிட்டாராம். வெளியே உட்கார்ந்திருந்த டிரைவரின் மனைவியே அதைப் பார்த்திருக்கிறார்.

"மயக்க டாக்டர் மட்டும் தலைமாட்டை விட்டு அசையலை மேடம். தனி ஆளா நின்னு உயிரைக் காப்பாத்தினாரு. வயித்தை அப்படியே மூடிட்டாங்க. டிரைவர் கண்ணு முழிக்க ரெண்டு நாள் ஆச்சு. சீழ் இன்னும் உள்ளேதான் இருக்கு. இன்னைக்கு நாலு மணிக்கு மறுபடியும் தியேட்டர்."

"அதே மயக்க டாக்டரா?" என்று கேட்டார் அண்ணி.

"அவரேதான்."

"பம்பை யார் பார்த்துப்பாங்க?"

"நர்ஸ் சஸ்பெண்ட். நானே பார்த்துக்கிறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. டிரைவரோட சம்சாரம் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். உங்க ரிப்போர்ட்டைக் காட்டினா போட்டுடுவாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆளுக்கு வேண்டியது துப்பறிவாளர் இல்லை, ரப்பர் ஸ்டாம்ப். சுவரில் மணி இரண்டு பத்து. நர்ஸ் மேல்தான் தப்பு என்றால் ஒன்றுமில்லை. டாக்டர் பொய் சொல்லியிருந்தால், நாலு மணிக்கு டிரைவர் போவது அதே கைக்கு. இந்த முறை அலாரம் அடித்தால் ஓடக்கூட ஆளிருக்காது.

"டாக்டர் நின்னதுக்கு சாட்சி?"

நிர்வாகி ஒரு தாளை அண்ணி முன் வைத்தார். மயக்கச் சார்ட். மயக்கம் கொடுத்த நேரத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நோயாளியின் நிலையை டாக்டர் கைப்பட எழுத வேண்டிய தாள். பத்தரைக்கு நாடி 78, ரத்த அழுத்தம் 120/80. பத்து முப்பத்தைந்துக்கு அதே. பத்து நாற்பதுக்கும் அதே. பதினொன்று பத்து வரைக்கும் முத்து முத்தான கையெழுத்தில் அதே அதே அதே. ஓரத்தில் 'மணிக்கட்டு நாடி: நன்று.' பதினொன்றே கால் கட்டத்தில் மட்டும், 'நர்ஸ் வெளியே சென்றார். பம்ப் கவனிக்கப்படவில்லை. ஆபரேஷன் நிறுத்தம்.'

"ஒரு அடித்தல் திருத்தல் இருக்கா பாருங்க!" என்றார் நிர்வாகி பெருமையாக.

"இல்லவே இல்லை," என்றார் அண்ணி. "ஒரு தடவைகூட எழுபத்தொன்பது ஆகலை."

நிர்வாகி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். சில பேருக்கு ஆண்டவன் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறான்.

தியேட்டர் வாசலில் காபி மெஷின் இருந்தது. அது கொடுத்ததைக் காபி என்று சொன்னால் காபி மானநஷ்ட வழக்குப் போடும். குடித்தபடி அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு மயக்கச் சார்ட்! மேலே சிவப்பு எழுத்தில் 'இந்த வார மாதிரி. அனைவரும் இப்படியே எழுதவும்.' நோயாளியின் பெயர் மீது கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. கையெழுத்து அதே முத்து. நாடி 78, 120/80, வரிசை வரிசையாக.

"அண்ணி, இந்த டாக்டர்கிட்ட போற எல்லாருக்கும் எழுபத்தெட்டுதான் போல. கைராசி!" என்று சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்கட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

பேட்டரி சிஸ்டர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். சஸ்பெண்ட் ஆனவர் வீட்டுக்குப் போகலாம். இவர் மூன்று நாளாக ஷிப்ட் நேரத்துக்கு வந்து, படியில் உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்ததும் போகிறாராம். முப்பது வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

"வீட்டுக்குப் போகாம இங்கே என்னம்மா காவல்?" என்று கேட்டார் அண்ணி.

"பம்ப் அலாரம் அடிச்சா இங்க வரைக்கும் கேட்கும் மேடம். உள்ளே வேற யாருக்கும் அதை என்ன பண்றதுன்னு தெரியாது."

அண்ணி அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டார்.

"செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு?"

"துளை போட்டுப் பண்ற ஆபரேஷன்னு வயித்துக்குள்ள கேஸ் அடைச்சு, தலைப்பக்கம் டேபிளைத் தூக்கினாங்க. அப்படித் தூக்கினா ரத்தம் மேலே வராது. பம்புக்கு இழுக்க ஒண்ணும் இருக்காது. தண்ணி இல்லாத கிணத்துல மோட்டார் போட்ட மாதிரி. அலாரம் அடிச்சது. கேஸை விடுங்க, டேபிளை இறக்குங்கன்னு கத்தினேன். சர்ஜன், மயக்க டாக்டர் சொல்லட்டும்னுட்டாரு."

"சொல்ல வேண்டியதுதானே அவர்?"

"அவர் அங்கே இருந்தாத்தானே! ரெண்டாம் தியேட்டர்ல இன்னொரு கேஸ் பார்த்துட்டு இருந்தாரு. தோள்ல கிடந்த பையோட அப்படியே அவரைக் கூப்பிடத்தான் ஓடினேன். வர ஆறு நிமிஷம் ஆச்சு. வந்து முதல் வேலையா என்னை வெளியே போகச் சொன்னாரு."

"சர்ஜன் சாட்சி சொல்ல மாட்டாரா?" என்றேன்.

"அவர் டாக்டரோட மச்சான் சார்."

மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். இங்கே பொய் ஏறிப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்த ஜூனியருக்குப் பரீட்சை மார்க் போடுபவரும் இதே டாக்டர்தானாம். ஆக, ஒரு தாள் ஒரு பக்கம், ஒரு நர்சின் வாய் மறு பக்கம்.

மூன்று மணிக்குத் தீவிர சிகிச்சை அறைக்குப் போனோம். டிரைவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, பெரிய மீசை. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் பேட்டரிப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"அவகிட்டேயிருந்து நானே பிடுங்கிட்டேன்," என்றார் அந்த அம்மா, நாங்கள் கேட்காமலேயே. "ரெண்டு வருஷமா பம்ப் செக்கப்புக்கு அவகிட்டதான் வர்றோம், பொண்ணு மாதிரி நினைச்சேன். நடு ஆபரேஷன்ல விட்டுட்டு ஓடினா பாருங்க! இவ்வளவுதான் மனுஷங்க."

டிரைவரின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பாவமே என்று எடுத்து மேலே வைக்கப் போனேன். விரல் தன்னால் மணிக்கட்டுக்குப் போனது. ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினேன். சுத்தமாக ஒன்றுமில்லை.

"ஐயையோ! அண்ணி! ஆளு போயிட்டாரு!"

டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "யாரு தம்பி போனது? நமக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் பின்னால் நகர்ந்து, மருந்துத் தட்டைத் தட்டிவிட்டு, அண்ணியின் காலை மிதித்தேன். அந்த அம்மா அத்தனை கோபத்திலும் சிரித்துவிட்டார்.

"இவருக்கு ரெண்டு வருஷமா நாடியே கிடையாது தம்பி," என்றார்.

"என் சொந்த எஞ்சினுக்குத் தள்ள வலுவில்லை," என்றார் டிரைவர். "பம்புதான் ஓட்டுது. அது துடிக்காது, சுத்தும். ஃபேன் ஓடுதில்லை, அது மாதிரி. ரத்தம் நிக்காம ஒரே சீரா போறப்ப கையில என்ன துடிக்கும்? முதல் மாசம் பூரா இவ என் மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்துப் பார்த்து அழுவா. அப்புறம் மூக்குல விரலை வச்சுப் பார்க்கப் பழகிட்டா."

"அந்த டிவியில தொண்ணூத்தொண்ணு ஓடுதே?" என்று மானிட்டரைக் காட்டினேன்.

"அது நெஞ்சுல ஒட்டின வயர் சொல்றது. எஞ்சின் எத்தனை தடவை உதறுதுன்னு. மணிக்கட்டு வரைக்கும் அது வராது."

அண்ணி கைப்பையிலிருந்த சார்ட்டை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் காதுத் தோட்டைத் திருக ஆரம்பித்தார். அப்படித் திருகினால் யாருக்கோ நேரம் சரியில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. அந்த சிஸ்டர் ஓடினாங்களே, எந்தப் பக்கம் ஓடினாங்க? லிஃப்ட் பக்கமா?"

"இல்லை. அடுத்த கதவுக்குள்ள. ரெண்டுன்னு போட்டிருக்குமே, அது. அதுக்கப்புறம் பயத்துல கண்ணை மூடிக்கிட்டேன், யார் வந்தாங்க போனாங்கன்னு பார்க்கலை."

"தப்பிச்சு ஓடுறவங்க இன்னொரு ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயா போய் ஒளிவாங்க?"

அந்த அம்மாவின் கை பை மேலேயே நின்றது. "டாக்டர் எழுதியே வச்சிருக்காரே," என்றார் மெல்ல. "கூடவே நின்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தேன்னு சொன்னாரே."

மூன்றரைக்கு மயக்க டாக்டர் வந்தார். முதலில் வாசனைத் தைலம் வந்தது, பிறகு அவர். காதில் ஃபோன். பின்னாலேயே நிர்வாகி, கையில் சம்மதப் பத்திரமும் பேனாவும். டாக்டர் கட்டிலைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தபடி யாரிடமோ தரைக்குப் போடும் கல்லின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறம் வேண்டாமாம்.

"டாக்டர்," என்றார் அண்ணி, குரலில் தேன் ஒழுக. எனக்கு அந்தக் குரல் தெரியும்; ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன். "இந்த அம்மா ரொம்பப் பயந்து போயிருக்காங்க. நீங்களே உங்க கையால ஒரு தடவை நாடி பார்த்துச் சொல்லிட்டா, தைரியமா கையெழுத்துப் போட்டுடுவாங்க."

"ஓ, பார்த்துட்டா போச்சு." ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "...ஆமா, கிரீம் கலர்தான்..." பத்து விநாடி. கையை விட்டார்.

"எழுபத்தெட்டு. ஜோரா இருக்கு."

டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டார். அந்த அம்மா, நிர்வாகி நீட்டிய பேனாவை வாங்கி மூடினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்," என்றார்.

"எழுபத்தெட்டும்மா. நார்மல்."

"இவருக்கு நாடியே கிடையாது டாக்டர்."

டாக்டரின் ஃபோனில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்றார்கள். பிடித்தால் கையில் எதுவும் தட்டாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஏதோ ஒரு புத்தகத்தில் படித்திருப்பார். ஆனால் இருபது வருஷமாக மணிக்கட்டைப் பிடிப்பதும் எழுபத்தெட்டு என்று சொல்வதும் அவருக்கு ஒரே காரியம். இடையில் எண்ணுவது என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டார்.

"நான்... மானிட்டரைப் பார்த்துச் சொன்னேன்."

"மானிட்டர்ல தொண்ணூத்தொண்ணு சார்," என்றேன். "மானிட்டர் உங்க பக்கம் திரும்பியும் இல்லை."

அண்ணி சார்ட்டை எடுத்து அந்த அம்மாவின் மடியில் பை மேல் விரித்தார். "செவ்வாய்க்கிழமை ஒன்பது தடவை நாடி எழுபத்தெட்டு. ஓரத்துல நன்றுன்னு வேற. இல்லாத நாடியை ஒன்பது தடவை எண்ணியிருக்காரு."

"ஜூனியர் ஏதோ தப்பா எழுதியிருப்பான்," என்று டாக்டர் குரலை உயர்த்தினார். "நான் தலைமாட்டுலதான் நின்னேன். என் மச்சானைக் கேளுங்க!"

"கையெழுத்து உங்களோடது இல்லையா? சரி, ஒத்துப் பார்த்துடலாம். தம்பி, காபி குடிக்கிறப்ப எதைப் பார்த்துச் சிரிச்சீங்களோ அதைக் கழட்டிட்டு வாங்க."

ஒரு நிமிஷம் நான் மரம் மாதிரி நின்றேன். பிறகு புரிந்தது. அடப்பாவி! ஓடினேன். ஆணியோடு பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். கண்ணாடிச் சட்டத்தை அண்ணி கட்டில் மேல் வைத்து, மேல் மூலையில் விரலை வைத்தார். நோயாளியின் பெயரை மறைத்தவர்கள் மற்றதை மறைக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை. தியேட்டர் இரண்டு. பத்தரையிலிருந்து பதினொண்ணே கால் வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. அதே டாக்டர், அதே கையெழுத்து," என்று நிதானமாகப் படித்தார் அண்ணி. "ஒரே மனுஷர் ஒரே நேரத்துல ரெண்டு தலைமாட்டுல நின்னிருக்காரு. இங்கேயும் எழுபத்தெட்டுதான்."

"இந்த வார மாதிரி," என்றேன் நான். "அனைவரும் இப்படியே எழுதவும்."

டாக்டர் ஃபோனை அணைத்துப் பையில் போட்டார். யாரையும் பார்க்காமல் வெளியே போனார். நிர்வாகியின் முகம் வெளிறிப்போயிருந்தது. சட்டத்தை மாட்டச் சொன்னவர் அவர்தானே! கிருமிநாசினி பாட்டிலைத் தேடிப் பையில் துழாவினார்.

"மேடம், அந்த ரிப்போர்ட்..."

"ஒரு பக்கம் கேட்டீங்க. ரெண்டு பக்கமே இருக்கு," என்று இரண்டு சார்ட்டையும் காட்டினார் அண்ணி. "உங்க லெட்டர்பேடுலயே. இவரை இப்பவே பம்ப் வச்ச ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொல்லுங்க. அங்கே இந்த மாதிரி ஆளுக்கு மயக்கம் கொடுக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. சொல்லலைன்னா இதை எங்கே கொண்டுபோய் மாட்டுறதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் சொல்லப் போனார். போன வேகத்தில் செருப்பு ஒன்று கதவருகே நின்றுவிட்டது.

நான் படிக்கட்டுக்குப் போய் பேட்டரி சிஸ்டரைக் கூட்டி வந்தேன். அறைக்குள் வந்தவர் அந்த அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. நேரே டிரைவரிடம் போய், புஜத்தில் பட்டையைச் சுற்றி, பேனா போல் ஒரு கருவியை முழங்கை மடிப்பில் வைத்தார். முதலில் அமைதி. பட்டையின் காற்றை மெல்ல விடவிட, கருவிக்குள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் விடாமல் வந்தது. குழாயைத் திறந்துவிட்டதுபோல.

"பிரஷர் எண்பத்திரண்டு," என்றார் சிஸ்டர்.

"எண்பத்திரண்டுக்குக் கீழே?" என்று கேட்டேன். எத்தனை சார்ட் படித்தாயிற்று இன்றைக்கு!

"கீழே ஒண்ணும் இல்லை சார். துடிப்பு இருந்தாத்தானே மேலே ஒண்ணு கீழே ஒண்ணு வரும்? இவருக்கு ஒத்தை நம்பர்தான்."

"ஒத்தை நம்பரா இருந்தாலும் ஒழுங்கான நம்பர்," என்றார் டிரைவர். "ஏம்மா, ஆம்புலன்ஸை யார் ஓட்டுறாங்க? ஸ்பீடு பிரேக்கர்ல பார்த்துப் போகச் சொல்லு."

அந்த அம்மா எழுந்து நின்றார். மூன்று நாளாக மடியை விட்டு இறக்காத பையை இரண்டு கையாலும் எடுத்தார். பையின் பட்டையை சிஸ்டரின் தோளில் அவரே மாட்டி, முறுக்கியிருந்ததை நேராக்கிவிட்டார்.

"வண்டியில நீ அவர் பக்கத்துல உட்காரு," என்றார். "நான் முன்னால உட்கார்ந்துக்கிறேன்."